எஞ்சின் வெப்பமானி

மலைப்பாதையில் ஏறும் மோட்டார்க் காருக்கு எஞ்சின் வெப்பமானி ஒரு காவலாளி. கடல் மட்டத்திலே 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். ரேடியேற்றர் மூடி காக்கும் அழுத்தம் இக்குறையை ஈடுசெய்கிறது. அம்மூடி பழுதுற்றாலோ, நீர் ஒழுகினாலோ, எஞ்சின் மிகையாகச் சூடேறிச் சிலிண்டர்த் தலை வளைந்துவிடக் கூடும். ஆகவே, காவலாளி விழித்திருக்கின்றானா என்று இடையிடையே சோதித்தல் நன்று.

மின்னால் இயங்கும் வெப்பமானியின் அமைப்பு எளியது. எஞ்சினின் நீர்ப்பாதையில் ஓர் உணரி திருகப்பட்டிருக்கும். குளிரில் அதன் மின்தடை மிகுந்திருக்கும். சூடேற ஏறக் குறையும். சாவி ஆளியிலிருந்து வரும் மின், மானியினுட் சென்று, ஒற்றை வயர் வழியாக உணரியை அடைந்து, அதன் உலோக உடலினூடாக எஞ்சினிற் கலந்து, பற்றரிக்கு மீள்கின்றது. சூடு மிகும்போது மின்னோட்டமும் மிகும், முள் உயரும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். வயர் அறுந்தால் முள் குளிர்ப் பக்கத்திலேயே கிடக்கும். வயரின் உறை தேய்ந்து இரும்பைத் தொட்டால், முள் சூட்டுப் பக்கத்துக்குச் செல்லும். பின்னது சாரதியை வீணே அச்சுறுத்தும். முன்னது வீணே தேற்றும். தேற்றுவதே கொடியது. நீர் ஒழுகி உணரி நீரின்றி நின்றாலும், முள் தாழ்வாகக் காட்டக் கூடும்.

வயர் பூட்டுமுன் பற்றரித் தொடர்பைக் கழற்றுக. புகைக்குழாய்ப் பக்கம் அணுகாமல் வயரைக் கொண்டுசெல்க. தகட்டுத் துளையில் இறப்பர் வளையம் இடுக. உணரியின் புரியில் ஒட்டு நாடாவை மிகுதியாகச் சுற்றினால், அது எர்த் தொடர்பைக் கெடுத்துவிடும்.

சோதனைக்கு, எஞ்சின் ஆறியபின் உணரியின் வயரைக் கழற்றிச் சாவியைத் திருப்புக. முள் குளிரிலேயே நிற்றல் வேண்டும். பின்னர், சில பத்து ஓம் அளவான தடையொன்றினூடாக வயரை எஞ்சின் இரும்பில் தொடுக. முள் மெல்ல உயரும். நேரே தொடுதல் சில மானிகளைக் கெடுத்துவிடும். முள் உயருமாயின் மானியும் வயரும் நலமே. குறை உணரியிலோ அதன் எர்த்திலோ உண்டு. உணரியைக் கழற்றி, அதன் முனை நனையாமல் நீரில் வைத்துச் சூடாக்கி ஓம் மானியால் அளந்தால், தடை படிப்படியாகக் குறைய வேண்டும். குறையாவிடின் உணரியை மாற்றுக.

1960களின் நடுப்பகுதி முதல் பல பிரித்தானியக் கார்களில், சராசரி 10 வோல்ற் வழங்கும் நிலைப்படுத்தி ஒன்றே வெப்பமானிக்கும் எரிபொருள் மானிக்கும் பொதுவாக இருந்தது. அவ்விரு முட்களும் ஒருங்கே பிழைத்தால், முதலில் அதனையே ஐயுறுதல் தகும்.

சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறத்தல் ஒருபோதும் ஆகாது. பீறிடும் கொதிநீர் உடலை வேகச் செய்யும். நல்ல சாரதி முள்ளை நம்புவார். ஆயினும் புறப்படுமுன், ஆறிய எஞ்சினில் நீர் உண்டா என்பதையும் தம் கண்ணாற் பார்த்துக்கொள்வார்.