ஊர் போட்ட முதல்

(கிளை நூலகம் ஒன்றின் நூலக வார விழாவில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் என் பேருக்கு நேரே ‘தன்னம்பிக்கையே வெற்றி’ என்று போட்டிருக்கிறார்கள். அச்சடித்தவர்கள் மன்னிக்க வேண்டும். 46 வயதில் நான் மாவுக் கடை போட்டபோது என்னிடம் சுத்தமாக இல்லாதது அந்தத் தன்னம்பிக்கைதான். ஊருக்கு என்மேல் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அதைக் கடன் வாங்கித்தான் நான் தொழில் செய்தேன். அந்தக் கணக்கை ஒப்பிக்கத்தான் வந்திருக்கிறேன்.

நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை. நடுவில் 16 வருகிறது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16, விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் தோப்பில் 140 தென்னை. விடிந்து போய்ப் பார்த்தால் நின்றவை 9. நெட்டைத் தென்னை நட்டால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். எங்க வீட்டுக்காரருக்கு அப்போது 52. விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். 60 வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டுக்கு வீடு கிரைண்டர் இருந்தும் மாவு அரைக்க வழியில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, மாட்டுக் கொட்டகையில் கிடந்த ஆட்டுக்கல்லைத் தேய்த்துக் கழுவினார். “ஏத்தா, நீ குழவியைச் சுத்து, நான் தள்ளிவிடுறேன்” என்றார். முதல் நாள் எங்கள் இரண்டு வீட்டுக்கு அரைத்தோம். நாலாம் நாள் 11 வீட்டுப் பாத்திரம் கொட்டகை வாசலில் வரிசையில் இருந்தது. உளுந்து பந்து பந்தாகத் திரண்டு வரும்போது பெரியம்மா ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். மிதந்தால்தான் வழிப்பார். இல்லையென்றால், “இன்னும் சுத்து.” என் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். அரைத்துக் கொடுத்ததற்கு ஒருத்தி ஒரு கை அரிசி வைத்தாள், ஒருத்தி இரண்டு தேங்காய் வைத்தாள். என் கடையின் திறப்பு விழா அதுதான். குத்துவிளக்கு இல்லை, ரிப்பன் இல்லை.

கரண்ட் வந்த பிறகும் நாலைந்து வீட்டில் “நீயே அரைச்சுக் குடு” என்றார்கள். அப்போதுதான் கடை என்கிற எண்ணமே வந்தது. முதலுக்கு எங்கே போவது? கடன் கேட்டுப் போன இடத்தில், ஈடு என்ன இருக்கிறது என்றார்கள். எங்களிடம் இருந்தது விழுந்த தோப்பு.

வெளியூர் விருந்தினர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, ஊரைக் கூப்பிடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஒரு நோட்டுதான். எழுதியவர் பிறகு விருந்து வைக்கும்போது, வாங்கியவர் அதோடு கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுத வேண்டும்.

மாமனார் காலத்திலிருந்து நாங்கள் எழுதி வந்த மொய்க்கு மூன்று நோட்டு இருந்தது. 2019 ஆவணியில் விருந்து வைத்தோம். அந்த வருஷம் ஊரே அடிபட்டுக் கிடந்தது. 5,000 எழுத வேண்டிய ஒருவர் 3,000 வைத்துவிட்டு, “மிச்சத்தை மறக்கமாட்டேன் தங்கச்சி” என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். எங்களுக்கு ஒரு பைசா பாக்கி இல்லாத தாத்தா ஒருவர், மரம் அறுத்து விற்ற காசில் 200 ரூபாய் எழுதினார். விருந்துச் செலவு போகக் கையில் நின்ற பணத்தில்தான் கிரைண்டர், ஃபிரிட்ஜ், பெயர்ப் பலகை எல்லாம்.

மொய்யைப் புகழ்ந்துவிட்டுப் போக நான் வரவில்லை. அது தர்மம் அல்ல, கடன். வாங்கி ஆடம்பரத்தில் கரைத்துவிட்டு, திருப்பி எழுத முடியாமல் தெரு மாறி நடந்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் மூன்று நோட்டிலும் தேடிப் பாருங்கள், வீட்டுக்காரர் பேர்தான் இருக்கும், என் பேர் இருக்காது. கறிச்சோறு ஆக்கிய கை மட்டும் என்னுடையது. ஆனாலும் அந்த நோட்டு எனக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தது. ஊர் தந்தது புதுப் பணம் இல்லை. முப்பது வருஷமாக நாங்கள் அடுத்த வீட்டுக்கு எழுதியதுதான் திரும்பி வந்தது.

கடை திறந்த இரண்டாம் மாதம், ராத்திரி கரண்ட் போய் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. காலையில் பார்த்தால் 60 பாக்கெட்டும் புளித்து, பலூன் மாதிரி உப்பிக் கிடந்தது. வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். எதிர் டீக்கடை அண்ணன் வந்து ஒரு பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்த்தார். “பணியாரக் குழி இருக்கையில புளிச்ச மாவுக்கு என்னம்மா கவலை?” என்று பாதி விலைக்கு அத்தனையும் வாங்கிக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் தெரு முழுக்க வெங்காயப் பணியாரம். அன்றிலிருந்து மிஞ்சின மாவு அவர் கடைக்குத்தான் போகிறது.

இந்த நூலகத்தில்தான் லிஜ்ஜத் அப்பளத்தின் கதையைப் படித்தேன். 1959 மார்ச் 15, பம்பாய் கிர்காவ்ம் பகுதியில் 7 பெண்கள், 80 ரூபாய் கடன், மொட்டை மாடியில் காயவைத்த 4 பாக்கெட் அப்பளம். அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் பங்காளிகள், லாபமும் நட்டமும் பொது. நம் மதுரைக்கு வாருங்கள். டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபோது வயது 58. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கூடப் பிறந்தவர்கள் வந்து தோள் கொடுத்தார்கள். பணம் கட்டக்கூடியவர் கட்டுவதில் கட்ட முடியாதவருக்கும் பார்வை கிடைக்கிறது. அவர்கள் மலை, நான் மண்ணாங்கட்டி. ஆனால் ஒன்று பொது: யாரும் தனியாகத் தொடங்கவில்லை.

தமிழில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். நாளைக்கு நல்லது நடக்கும் என்று இருப்பதும் நம்பிக்கை, எதிர்வீட்டுக்காரர் நம்மைக் கைவிட மாட்டார் என்று இருப்பதும் நம்பிக்கை. இரண்டுக்கும் ஒரே சொல். முதலாவது தீர்ந்துபோனால், கொஞ்ச நாள் இரண்டாவதை வைத்து வண்டியை ஓட்டலாம். ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

“இந்த வயசுலயா?” என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. இந்த வயதில்தான் முடிந்தது. 22 வயதில் கடை போட்டிருந்தால், யார் வீட்டு மருமகள் என்று விசாரித்திருப்பார்கள். 46 வயதில் யாரும் விசாரிக்கவில்லை. யார் வீட்டுச் சாவுக்கு நான் சோறாக்கினேன், யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராத்திரியில் கூட ஓடினேன் என்று தெருவுக்குத் தெரியும். நடுவயதுக்காரர் கையிருப்பு அதுதான். எந்தப் பாஸ்புக்கிலும் ஏறாது.

வாங்கிய மொய்யில் முக்கால்வாசி திருப்பி எழுதிவிட்டோம். இப்போதைய நோட்டில் வீட்டுக்காரர் பேருக்குப் பக்கத்தில் என் பேரும் இருக்கிறது. காலையில் அவர்தான் டிவிஎஸ் எக்ஸெல்லில் மாவு கொண்டுபோய்ப் போடுகிறார். புதிதாக வைத்த தென்னை பாளை விட ஆரம்பித்திருக்கிறது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்கள் தெருவிலும் ஒருத்தி, தலை நரைத்த பிறகு, வாசலில் ஒரு பலகையை மாட்டுவாள். அவளுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்காதீர்கள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள். முதல் மாதம் கடன் சொல்லாதீர்கள், காசு கொடுத்து வாங்குங்கள். இட்லி கல்லாக வந்தால் தெருவில் சொல்லாதீர்கள், அவளிடமே போய்ச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, மறுநாளும் வாங்குங்கள்.