கோயில் வாசலைத் தாண்டிப் போகும் கூட்டம்

கோவிட்டுக்கு முன் 2019இல் மலேசியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 26 மில்லியன் பேர். 2020இல் நாலே கால் மில்லியனுக்குச் சரிந்து, 2024இல் 25 மில்லியனாக மீண்டது. அந்த ஆண்டில் உலகப் பயணிகளில் பாதிக்கு மேல் ஐரோப்பாவுக்கே போனார்கள். மத்திய கிழக்கு பழைய கணக்கைத் தாண்டியது. ஆசிய பசிபிக் வட்டாரம் அப்போது எட்டிப்பிடிக்கவில்லை.

சரி, நமக்கென்ன லாபம்? 2008இல் யுனெஸ்கோ அங்கீகரித்த மலாக்கா நகரில் ஜோங்கர் சாலை நிரம்பி வழிகிறது. பக்கத்திலேயே 1781இல் மலாக்கா செட்டிகள் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். அதன் கதையைச் சொல்ல எத்தனை தமிழ் வழிகாட்டிகள் இருக்கிறார்கள்? நம் தோட்டப்புறப் பிள்ளைகளோ வேலை தேடி ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். சுற்றுலா வழிகாட்டிக்கு முறையான பயிற்சியும் அமைச்சின் உரிமமும் வேண்டும். கோயில் நிர்வாகங்களே, அந்தப் பயிற்சிக் கட்டணத்தில் பாதியையாவது ஏற்கலாமே!