அயல்நாடு செல்வார்க்கு நாணயமாற்று
(உத்திரமேரூரில் நம் சங்கத்தாரின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடஞ் சொல்லும் எம்மை நாணயமாற்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்துக் காரியதரிசியவர்கள் பணித்தனர். இலக்கியத்திற்கும் இதற்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். பொருளை ஈட்டுதலும் காத்தலும் வகுத்தலும் அறத்தின் பாற்பட்டனவே என்று நம் முன்னோர் கொண்டனர். ஆதலின் தமிழாசிரியன் இதனைப் பேசுதல் தவறாகாது.

நம் குலத்தாருள் அயல்நாடு சென்றோர் முன்னாளில் மிகச் சிலரே. இந்நாளிலோ, மலேயாவிலும் சிங்கப்பூரிலும் அரபு நாடுகளிலும் மக்களையோ மருமக்களையோ உடைய குடும்பங்கள் பல. மகளின் பேறுகாலத்திற்குச் செல்லும் தாயார், பத்துமலை முருகனையும் கதிர்காமத்து வேலனையும் தரிசிக்கச் செல்லும் பெரியோர், முதன்முறை வேலைக்குச் செல்லும் இளைஞர் என இவ்வாறு ஆண்டுதோறும் செல்வோர் தொகை பெருகி வருகின்றது. இவர்கள் விமானச் சீட்டிற்குப் பத்து இடத்தில் விலை கேட்கின்றனர். புளியும் ஊறுகாயும் பெட்டியில் எத்தனை கிலோ வைக்கலாம் என்று நிறுத்துப் பார்க்கின்றனர். நாணயம் மாற்றுவதை மட்டும் கடைசி நாளுக்கு ஒதுக்கி, எதிர்ப்பட்ட இடத்தில், சொன்ன விலைக்கு மாற்றுகின்றனர். நெல் விற்றும் நகை ஈடு வைத்தும் சேர்த்த பணம் அது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்னும் பழமொழியை அறியாதார் நம்முள் யார்?

பொன்னை உரைத்துப் பார்க்கும் வழக்கம் நம் ஊருக்குப் புதியதன்று. வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. குடவோலை முறையைக் கூறும் சாசனங்கள் என்று நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றோடு பொன் வாரியம் என்ற ஒன்றும் அவற்றில் கூறப்பட்டுள்ளது. அறுவர் கொண்ட அவ்வாரியம் பொன் தொடர்பான காரியங்களைக் கவனித்தது. பொன்னின் மாற்றை அறியாதவன் ஏமாறுவான். ஆதலின் அறிந்தோரை ஊரே தேர்ந்து அமர்த்துக என்பது அக்காலத்தார் கருத்துப் போலும்.

அயல்நாட்டுக் காசைக் கையாள்வதிலும் நம்மவர் பழையர். புதுக்கோட்டை நாட்டில் 1898ஆம் ஆண்டு கிடைத்த உரோமப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில், அரசன் தலைமீது வெட்டுத் தழும்பு காணப்படுகின்றது. அத்தழும்பிற்குக் காரணம் எதுவாயினும், அயலரசன் தலைக்காக நம்மவர் ஒரு காசை மதித்திலர், அதன் பொன்னுக்காகவே மதித்தனர் என்பது தெளிவு. இன்றைய நோட்டில் பொன் இல்லை. அதன் மதிப்பு நாள்தோறும் ஏறி இறங்கும் ஒரு விலையே. ஆகவே இன்று நாம் உரைத்துப் பார்க்கவேண்டியது அவ்விலையைத்தான்.

அவ்விலையின் இயல்பு யாது? நாணய வாணிகன் பலகையில் ஒவ்வொரு நாணயத்திற்கும் இரண்டு விலைகள் இருக்கும். நமக்கு அவன் விற்பது ஒரு விலை. நம்மிடம் அவன் வாங்குவது மற்றொரு விலை. முன்னது ஏற்றமாகவும் பின்னது தாழ்வாகவும் இருக்கும். நடுவிலுள்ள இடைவெளியே அவன் ஊதியம். அரிசி மண்டியிலும் இதுவே முறையாதலின் அதனை யாம் குறைகூறோம். அவ்விடைவெளி எவ்வளவு என்பதை அறியாமல் வாங்குவதே குறை.

விளக்கத்தின் பொருட்டு ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ஒரு ரிங்கிட்டின் சந்தை மதிப்பு 20 ரூபாய் என்க. ஒரு கடைக்காரர் 21 ரூபாய்க்கும் மற்றொருவர் 20 ரூபாய் 40 காசுக்கும் விற்கின்றனர். 2000 ரிங்கிட்டு வாங்குவார்க்கு முதற்கடையில் 42,000 ரூபாய். இரண்டாங்கடையில் 40,800 ரூபாய். ஒரே தெருவில் நான்கடி நடந்ததன் கூலி 1,200 ரூபாய்! இனி 500 ரிங்கிட்டு செலவாகாமல் மிஞ்சிற்று என்க. முதற்கடைக்காரர் அதனை 19 ரூபாய் வீதம் திரும்ப எடுத்தால் கிடைப்பது 9,500 ரூபாய். அதற்கு நாம் கொடுத்ததோ 10,500. ஆகவே வேண்டிய அளவுக்கு மேல் வாங்குவதும் ஒரு நஷ்டமே.

‘கமிஷன் இல்லை’ என்று எழுதிய பலகையைக் கண்டு மயங்கவேண்டா. கமிஷனை விலைக்குள்ளேயே மறைத்து வைத்தல் எளிது. மாறாக, ஒருவர் 20 ரூபாய் 40 காசு என்று சொல்லி 300 ரூபாய் கட்டணஞ் சேர்ப்பார்; மற்றொருவர் கட்டணமின்றி 20 ரூபாய் 50 காசு என்பார். 2000 ரிங்கிட்டுக்கு முன்னவரிடம் 41,100 ரூபாய், பின்னவரிடம் 41,000 ரூபாய் ஆகும். குறைந்த விலை சொன்னவரே கூடுதலாக வாங்கிவிட்டார் அல்லவா? ஆதலின் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: “எல்லாச் செலவும் உட்பட, இத்தனை ரிங்கிட்டு என் கையில் வருவதற்கு யான் எத்தனை ரூபாய் தரவேண்டும்?” இக்கேள்வியை மூன்று இடங்களில், ஒரே நாளில் கேளுங்கள். விலை மணிக்கு மணி மாறுவதால், நேற்றைய விலையையும் இன்றைய விலையையும் ஒப்பிடுதல் பயன்படாது. மற்றொருவர் சொன்ன விலையைச் சொல்லிக் குறைக்குமாறு கேட்பதில் இழிவில்லை. பெருந்தொகையாயின் பலர் இறங்கி வருவர்.

சரக்கு சேவை வரி ஒன்றும் உண்டு. மாற்றும் தொகை முழுவதற்கும் 18 விழுக்காடு வரி என்று அஞ்சுவோர் பலர். அஃது அவ்வாறன்று. ஒரு லட்ச ரூபாய் வரையில், தொகையின் நூற்றில் ஒரு பங்கிற்கே அவ்வரி கணக்கிடப்படும். குறைந்த அளவு 45 ரூபாய். மேற்சொன்ன 40,800 ரூபாய்க்கு வரி ஏறக்குறைய 73 ரூபாயே.

எங்கே மாற்றுவது? விமான நிலையத்தில் மாற்றுவது பெரும்பாலும் விலை மிகுந்தது. அங்கே கடை வாடகை பெரிது. நமக்கோ வேறு கடைக்குச் செல்ல நேரமில்லை. முதல் நாள் கைச்செலவுக்கு வேண்டியது தவிர மற்றதை அங்கே மாற்றாதீர்கள். காஞ்சிபுரத்திலோ செங்கற்பட்டிலோ சென்னையிலோ ரிசர்வ் பாங்கின் அனுமதி பெற்ற பாங்குகளையும் நாணய மாற்றுக் கடைகளையும் ஒரு வாரத்திற்கு முன்னரே விசாரியுங்கள். அனுமதி பெற்ற கடைக்காரர் அன்றன்றைய விலையை யாவரும் காண எழுதி வைக்கவேண்டும் என்பது விதி. பணம் எண்ணி வாங்கியபின் ரசீதும் பெறுதல் இன்றியமையாதது.

இலங்கை ரூபாய் போன்றவை இங்கே எளிதில் கிடைப்பதில்லை. அந்நாடு செல்வோர் டாலராகக் கொண்டு சென்று அங்குள்ள பாங்கில் மாற்றுவது வழக்கம். ஆயினும், ரூபாயிலிருந்து டாலருக்கும் டாலரிலிருந்து அந்நாட்டுப் பணத்திற்கும் மாறும்போது இடைவெளி இருமுறை கழியும் என்பதையும் கணக்கில் கொள்ளுக.

“விலை இறங்கும்வரை காத்திருக்கலாமா?” என்று கேட்பார்க்கு, சரித்திரமே விடையளிக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ் மதிப்பில் நின்றது. 1906இல் மலேயாவின் வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று வரையறுக்கப்பட்டது. அக்கணக்கில் ஒரு வெள்ளிக்கு ஒன்றேமுக்கால் ரூபாய். 1927இல் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸாகச் சட்டம் வரையறுத்தது. அக்கணக்கில் ஒரு வெள்ளியின் மதிப்பு ஒரு ரூபாய் எட்டணாச் சில்லறைக்கு இறங்கிற்று. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஊருக்கு வெள்ளி அனுப்பிய தொழிலாளி ஒரு குற்றமும் செய்திலன். அவன் வீட்டாருக்கு வந்த பணமோ குறைந்தது. 1942 முதல் 1945 வரை மலேயாவில் ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டுகளைப் பெட்டி நிறையச் சேர்த்தவர், போர் முடிந்ததும் அவற்றை வெறுங்காகிதமாகக் கண்டனர். வளைகுடா நாடுகளில் வழங்குவதற்கென 1959இல் நம் ரிசர்வ் பாங்கே தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது. 1966 ஜூன் 6ஆம் நாள் ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாகும்படி ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபின், அதுவரை அதனை வழங்கிவந்த நாடுகளும் அதனைக் கைவிட்டன. 2022இல் இலங்கை ரூபாய் சில மாதங்களில் டாலருக்கு 200 என்ற அளவிலிருந்து 360 வரை வீழ்ந்தது. அரசுகளும் அறியாத ஏற்ற இறக்கத்தை நாம் கணிக்க முயல்வானேன்? சிறு தொகையாயின் ஒரே முறையில் வாங்கிவிடுக. மகனின் கல்லூரிக் கட்டணம் போன்ற பெருந்தொகையாயின் இரண்டு மூன்று தவணைகளாக வாங்குக. ஏற்றமும் இறக்கமும் சராசரியாகும்.

இனிச் சட்டத்தைச் சுருங்கக் கூறுவோம். எட்டு டாலரோடு அயல்நாடு புறப்பட்டோம் என்று சொல்லும் முதியோர் இன்றும் உளர். அக்கட்டுப்பாடு நீங்கிவிட்டது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டம் 2000 ஜூனில் அமலுக்கு வந்தது. அதன்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அயல்நாட்டுக்குக் கொண்டுசெல்லவோ அனுப்பவோ கூடும். ஆனால் நோட்டாக ஒரு பயணத்திற்குப் பெரும்பாலும் 3,000 டாலர் மதிப்பே பெறலாம். சில நாடுகளுக்கு விதி வேறு. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட நாணயத்திற்கு ரொக்கமாகக் கொடுத்தல் கூடாது. பாங்கு வழியாகவே கொடுக்கவேண்டும். 2025 ஏப்ரல் முதல், ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்புவோரிடம் வரி முன்கூட்டி வசூலிக்கப்படுகின்றது. அது வருமான வரிக் கணக்கில் ஈடாகக் கூடியதாதலின் சான்றைப் பத்திரப்படுத்துக. திரும்பியபின் மிஞ்சிய நோட்டில் 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் மாற்றிவிடவேண்டும்.

நோட்டு முழுவதையும் மடியில் கட்டிச் செல்லவேண்டுவதில்லை. பாங்குகள் தரும் பயண அட்டையில் புறப்படுமுன்னரே அயல்நாணயத்தை ஏற்றிவைக்கலாம். தொலைந்தால் தடுத்து நிறுத்தலாம். சாதாரணக் கடனட்டைகள் பலவற்றில் மூன்று விழுக்காட்டிற்கு மேலும் கழிவு உண்டாதலின் முன்னரே கேட்டறிக. ஒரு சூழ்ச்சியை நன்கு நினைவில் வையுங்கள். அயல்நாட்டுக் கடையில் அட்டையைத் தேய்க்கும்போது, “ரூபாயில் கழிக்கவா, உள்ளூர் நாணயத்தில் கழிக்கவா?” என்று இயந்திரம் வினவும். ரூபாய் நம் பணமாயிற்றே என்று அதனைத் தொட்டுவிடாதீர்கள். அவ்வாறு தொட்டால் அக்கடைப் பக்கத்தார் வைத்த விலையே செல்லும். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமானது. உள்ளூர் நாணயத்தையே தேர்க. நம் யுபிஐ முறை 2024 பிப்ரவரி முதல் இலங்கையிலும் மொரீசியசிலும் சில கடைகளில் செல்லுகின்றது. சிங்கப்பூருக்கும் நமக்கும் இடையே பணம் அனுப்பும் இணைப்பு 2023இல் ஏற்பட்டது.

இறுதியாக, நம் குலத்தாரின் நல்ல குணமொன்றே நமக்குத் தீங்காகும் இடத்தைச் சொல்லவேண்டும். சிங்கப்பூரிலிருந்து வந்தவரிடம் வெள்ளி மிஞ்சியிருக்கும். நம்மவர் ஒருவர் அடுத்த வாரம் அங்கே செல்வார். “நமக்குள் எதற்குக் கடைக்காரன்? நடுவிலையில் மாற்றிக்கொள்வோம், இருவர்க்கும் லாபம்” என்பர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயினும் அனுமதி பெற்றவரல்லாதாரோடு அயல்நாணயத்தை விற்றல் வாங்கல் செய்வதை மேற்சொன்ன சட்டம் விலக்குகின்றது. குற்றம் நிலைநாட்டப்பட்டால், சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கவும் இடமுண்டு. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய், வேலைக்குச் செல்லும் பிள்ளையின் பெயருக்கு மாசு தேடலாமா? ரசீதின்றி ‘நல்ல விலை’ தருவதாகச் சொல்லும் தரகரிடமும் இவ்வாறே எச்சரிக்கை வேண்டும். அவர் கொடுத்த நோட்டு கள்ள நோட்டாயின், அயல்நாட்டுக் காவலர் முன் நிற்பவர் தரகர் அல்லர். மொழியறியாத நம் பிள்ளையே நிற்பான்.

ஆதலின் சங்கத்தார்க்கு எம் வேண்டுகோள் ஒன்று. நாணயத்தை நாம் மாற்றவேண்டா, அறிவை மாற்றிக்கொள்வோம். சங்கக் கட்டடத்தில் ஒரு கரும்பலகை வையுங்கள். கணக்கறிந்த இளைஞர் இருவர், வாரத்திற்கொருமுறை மூன்று அனுமதி பெற்ற இடங்களில் ரிங்கிட்டு, சிங்கப்பூர் வெள்ளி, திர்ஹம், டாலர் ஆகியவற்றின் எல்லாச் செலவும் அடங்கிய விலையைக் கேட்டு, கேட்ட நாளோடு அதில் எழுதுக. முதன்முறை செல்லும் முதியோர்க்கும் கணவனை இழந்த தாய்மார்க்கும் துணையாகக் கடைவரை ஒருவர் சென்று வருக. இதற்குப் பெருஞ்செலவில்லை, மனம் இருந்தாற் போதும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வூரார் பொன்னுக்கு ஒரு வாரியம் வைத்தனர் என்று சுவரைக் காட்டிப் பெருமை பேசும் நாம், அவ்வறிவில் ஒரு பங்கையேனும் நம் வீட்டாரின் பணத்திற்குப் பயன்படுத்துதல் தகும்.

செல்வோர் நலமே சென்று நலமே திரும்புக!