சர்க்கரை சேராத கோக்கோ



வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அன்று முதல் அந்தச் சமையலறையில் இரட்டை ஆட்சி தொடங்கிவிடுகிறது. மற்றவர்களுக்குப் பாயசம், அவருக்கு மட்டும் மோர். பிற மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு இந்தச் சங்கடம் சற்று அதிகம் என்றே சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் அண்டை வீட்டார் அன்போடு ரசகுல்லா கொணர்ந்து நீட்டுவார்கள். டில்லியில் பண்டிகைதோறும் பேடாப் பெட்டிகள் வந்து குவியும். வேண்டாமென்று மறுத்தால், இனிப்பை மட்டுமா மறுக்கிறோம், கொடுத்தவருடைய அன்பையும் அல்லவா மறுக்கிறோம் என்று மனம் குறுகுகிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உடையவர்கள் என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் நடத்தி, 2023-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. இத்தனை பேரும் விருந்துக்கு உரிய சுவை அனைத்தையும் துறந்துதான் வாழ வேண்டுமா? இக்கேள்விக்கு முழு விடை என்னிடம் இல்லை. ஆயினும், கையளவு டப்பாவில் அடங்கும் ஒரு சிறு விடை உண்டு. அது சர்க்கரை சேராத கோக்கோத் தூள்.

கோக்கோ நமக்கு அந்நியமான பயிர் அன்று. அதன் தாயகம் தென்னமெரிக்கக் காடுகளாயினும், இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளின் தென்னந்தோப்புகளிலும், கேரளத்திலும், கர்நாடகத்துப் பாக்குத் தோட்டங்களிலும், ஆந்திரத்தின் கோதாவரிக் கரையிலும் அது ஊடுபயிராக வளர்கிறது. 1973-இல் மங்களூரில் பாக்கு, கோக்கோ விவசாயிகளுக்கென ஏற்பட்ட காம்ப்கோ என்னும் கூட்டுறவுச் சங்கம், 1986 முதல் புத்தூரில் சாக்லெட் ஆலையையே நடத்தி வருகிறது.

இப்பழத்தின் விதைகளைச் சில நாள் புளிக்கவிட்டு, உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கி அரைத்தால் குழம்பு போன்றதொரு பொருள் கிடைக்கும். அதில் ஏறக்குறையப் பாதி கொழுப்பே. 1828-இல் ஹாலந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தார், இக்குழம்பை அழுத்திக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றனர். பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்ததே கோக்கோத் தூள். சாக்லெட்டின் மணமும் நிறமும் கசப்பும் அதில் இருக்கின்றன. நாம் சாக்லெட்டின் குணமென்று எண்ணும் இனிப்போ, பின்னர் சேர்க்கப்படும் சர்க்கரையினுடையது. இந்த உண்மையை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதலில், வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. கடைத் தட்டில் அருகருகே இரண்டு டப்பாக்கள் நிற்கும். இரண்டிலும் கோக்கோ என்ற சொல் இருக்கும். நிறமும் படமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒன்று தூய தூள். மற்றொன்று டிரிங்கிங் சாக்லெட் எனப்படும் பானத் தூள். பின்னதில் பெரும்பாலும் சர்க்கரையே மிகுதி. முன்புறத்து எழுத்தை நம்பாமல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடையில் மிகுந்ததிலிருந்து தொடங்கி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே சர்க்கரை முதலில் நின்றால், அந்த டப்பாவில் சர்க்கரையே அதிகம். தூய தூளில் கோக்கோ ஒன்றுதான் சேர்மானமாக இருக்கும். சிலவற்றில் 500 அல்லது 501 என்ற எண்ணோடு அமிலத்தைச் சீராக்கும் உப்பு ஒன்றும் குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். ‘மால்டோடெக்ஸ்ட்ரின்’ என்ற பெயரைக் கண்டால் அந்த டப்பாவை வைத்துவிடலாம். அது நாவில் அவ்வளவாக இனிக்காது; இரத்தத்திலோ சர்க்கரையைப் போலவே விரைந்து ஏறும்.

சத்துப் பட்டியலில் சர்க்கரைக்கென ஒரு வரி உண்டு. தூய கோக்கோவில் 100 கிராமுக்கு ஓரிரண்டு கிராமே இருக்கும். இருபது, ஐம்பது என்று எண் ஏறினால் அது கலப்புத் தூள். கொழுப்பின் வரியையும் பாருங்கள். 10 முதல் 12 கிராம் கொழுப்புள்ள தூள் சற்று வறண்டிருக்கும். 20 கிராமுக்கு மேலுள்ளது விலை கூடினாலும் நாவுக்கு வழவழப்பாகவும் நிறைவாகவும் இருக்கும். அதில் மாவுச்சத்தின் பங்கும் அந்த அளவுக்குக் குறையும்.

இனி அந்த உப்பின் கதை. கோக்கோ இயல்பாகவே சிறிது புளிப்புடையது. அப்புளிப்பை மாற்ற உப்புக்காரம் சேர்த்துப் பதப்படுத்தும் முறைக்கு டச்சு முறை என்று பெயர். அவ்வாறு பதப்படுத்திய தூள் கருத்திருக்கும், மென்மையாகச் சுவைக்கும், நீரில் எளிதில் கலக்கும். பதப்படுத்தாத தூள் வெளிறிய செம்பழுப்பாக இருக்கும். அதில் புளிப்பும் துவர்ப்பும் தெரியும். கோக்கோவின் நற்பொருள்களாகச் சொல்லப்படும் துவர்ப்புச் சத்துகள் இதில்தான் அதிகம் எஞ்சுகின்றன. பானத்துக்கும் தயிருக்கும் டச்சுத் தூள் நன்று. கசப்பு மட்டாக இருப்பதால் இனிப்பும் குறைவாகவே வேண்டியிருக்கும். சமையல் சோடா சேர்க்கும் பண்டங்களுக்கு இயல்பான தூளே ஏற்றது; அதன் புளிப்போடு சோடா சேர்ந்தால்தான் பண்டம் உப்பி எழும். டச்சுத் தூளோடு வெறும் சோடாவைச் சேர்த்தால் பண்டம் அமுங்கிச் சவர்க்காரச் சுவை தட்டும். அங்கே பேக்கிங் பவுடரே வேண்டும்.

அடுத்து ஒரு சிறு கணக்கு. மாவுச்சத்து என்று நான் சொல்லும்போது சர்க்கரையும் அதில் அடக்கம். தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டிக் கோக்கோ சுமார் 5 கிராம். அதில் மாவுச்சத்து ஏறத்தாழ 3 கிராம். அந்த மூன்றில் பாதிக்கு மேல் செரிக்காத நார். ஆக, உடலில் சர்க்கரையாக மாறுவது ஒரு கிராம், மிஞ்சினால் ஒன்றரை. நூற்றுக்கு எழுபது பங்கு சர்க்கரை கலந்த பானத் தூளில் 15 கிராம் எடுத்தால், சர்க்கரை மட்டுமே பத்துக் கிராமுக்கு மேல் சேர்ந்துவிடும். ஆனால் கணக்கு இதோடு முடிவதில்லை. 200 மில்லி பசும்பாலில் இயல்பாகவே ஒன்பது, பத்துக் கிராம் பால் சர்க்கரை இருக்கிறது. கோக்கோ தூயது என்ற நம்பிக்கையில் இரண்டு தம்ளர் பாலைக் குடித்தால் பயன் என்ன? எண்ண வேண்டியது கோப்பை முழுவதையும்.

எனவே, பானமாக அருந்த விரும்புவோர் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டலாம். அல்லது தேங்காயின் முதற்பாலைச் சிறிது சேர்க்கலாம். தூளை நேரே பாலில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். முதலில் இரண்டு கரண்டி வெந்நீரில் குழைத்துக் களிம்பாக்கி, பிறகு மற்றதை ஊற்ற வேண்டும். வெந்நீர் பட்டதும் மணமும் எழும். ஒரு சிட்டிகை உப்பு கசப்பைத் தணிக்கும். ஏலக்காயோ சுக்கோ அவரவர் விருப்பம்.

நாம் வாழும் ஊர்களே இதற்கு உதவும் பொருள்களைத் தருகின்றன. மும்பையில் ஸ்ரீகண்டுக்காகத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடிப்பார்கள். அதைச் சக்கா என்பார்கள். வடியும் நீரோடு பால் சர்க்கரையில் ஒரு பங்கும் போய்விடுகிறது. ஒரு கோப்பைச் சக்காவில் ஒரு மேசைக்கரண்டிக் கோக்கோவைக் குழைத்து, பொடித்த பாதாமைத் தூவினால் முட்டை சேராத நல்லதொரு பலகாரம். கொல்கத்தாவில் சானாவையும், டில்லியில் பனீரையும் மசித்து இவ்வாறே செய்யலாம். கோவாவில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பால் சுண்டச் சுண்ட அதன் சர்க்கரையும் செறிந்து நிற்கும்.

பண்டிகைக்குத் தட்டில் அடுக்க வேண்டுமானால், நூறு கிராம் இனிப்புச் சேராத கொப்பரைத் துருவல், இரண்டு மேசைக்கரண்டிக் கோக்கோ, மூன்று மேசைக்கரண்டி நெய் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்யை இளஞ்சூட்டில் உருக்கி அதில் கோக்கோவை ஒரு நிமிடம் கலக்கியபின் துருவலைச் சேர்த்துத் தட்டில் அழுத்திக் குளிரவிடுங்கள். பதினாறு துண்டுகளாக வெட்டினால், துண்டொன்றில் நார் நீங்கிய மாவுச்சத்து ஒரு கிராமுக்கும் குறைவே. கேக் விரும்புவோர் மைதாவுக்குப் பதிலாகப் பாதாம் மாவைக் கொள்ளலாம். ஆனால் கோக்கோ ஈரத்தை மிகவும் உறிஞ்சும். அளவைக் கூட்டினால் முட்டையோ வெண்ணெயோ சற்றுக் கூட வேண்டும். இல்லையேல் பண்டம் உதிர்ந்துவிடும்.

இனிப்புக்கு என்ன செய்வது? கருப்பட்டியும் வெல்லமும் தேனும் பேரீச்சையும் தீங்கற்றவை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நீரிழிவுக்காரருக்கு அவையும் சர்க்கரையே. சீனித்துளசி என்னும் ஸ்டீவியாவின் சாரத்தை உணவில் சேர்க்க 2015-இல் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. அது மிகச் சிறிதளவே போதும். கூடினால் அதுவும் கசக்கும். எரித்ரிட்டால் என்பது சர்க்கரையைப் போலப் பொடியாகவே கிடைக்கிறது. நாவில் சிறு குளிர்ச்சி தோன்றும். எதுவாயினும் வாரத்துக்கு வாரம் அளவைச் சிறிது குறைத்து வாருங்கள். காப்பியின் கசப்பை விரும்பப் பழகிய நாவு கோக்கோவின் கசப்பையும் விரும்பப் பழகும்.

முடிக்குமுன் முக்கியமான சில எச்சரிக்கைகள். இன்சுலின் போட்டுக்கொள்பவரும், சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை உண்பவரும், மருத்துவரிடம் சொல்லாமல் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைக்கலாகாது. மருந்து பழைய அளவிலேயே இருக்க உணவு மட்டும் மாறினால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். சிலவகை மாத்திரைகளோடு மாவுச்சத்தை மிகக் குறைத்தால் இரத்தத்தில் அமிலம் பெருகும் ஆபத்தும் உண்டு. கோக்கோவில் பொட்டாசியமும் ஆக்சலேட்டும் மிகுதி. சிறுநீரக நோயுள்ளவரும் சிறுநீரகக் கல் கண்டவரும் மருத்துவரின் யோசனை பெற்றே உண்ண வேண்டும். மற்றவர்க்கும் நாளுக்கு ஓரிரு மேசைக்கரண்டி போதுமானது. கோக்கோ மருந்து அன்று. உணவுக்குச் சுவை கூட்டும் ஒரு பொருள், அவ்வளவே.

ஆயினும் அச்சுவையின் மதிப்பு சிறிதன்று. பண்டிகை நாளில் வீட்டாரெல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுத்து உண்ணும்போது, ‘இது உமக்கு ஆகாது’ என்று ஒருவரை மட்டும் ஒதுக்கி வைக்காதிருப்பது பெரிய காரியம். அதற்கு ஆகும் செலவு ஒரு டப்பாத் தூளும், அதைத் திருப்பிப் பின்புறத்தைப் படிக்கும் ஒரு நிமிடமுந்தான். மறுமுறை கடைக்குச் செல்லும்போது அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுங்கள்.