நுழைவுப் பரீட்சையும் நம் இல்லங்களும்

(நமது சங்கத்துக் கல்விக் குழுவின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வணிக நிர்வாகக் கல்விக்குரிய நுழைவுப் பரீட்சையைக் குறித்துப் பேசுமாறு காரியதரிசியவர்கள் என்னைப் பணித்தார்கள். இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியனுக்கு இதிற் புகுவதற்கு யாது உரிமை என்று சிலர் முறுவலிக்கக் காண்கின்றேன். உரிமை ஒன்றுமில்லை, கடன் ஒன்று உண்டு. அதனைத் தீர்க்கவே வந்தேன்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதே மேடையில் நின்று, நம்மவருள் ஒருவருடைய மகன் ‘கேட்’ என்று சுருங்க வழங்கும் பொது நுழைவுப் பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று மதிப்பெண் பெற்றான் என்று யான் முழங்கியது உங்களிற் பலர்க்கும் நினைவிருக்கும். மாலை சூட்டினோம், கற்கண்டு வழங்கினோம், கடைவீதியில் அவன் படத்தோடு பதாகையும் கட்டினோம். அகமதாபாத், கல்கத்தா, பெங்களூர் ஆகிய இடங்களிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகங்களிலிருந்து அழைப்பு வருமென்று அவ்வீட்டார் நாடோறும் காத்திருந்தனர். ஒன்றும் வந்திலது. அதற்குள் அவனை ஏற்கக்கூடிய வேறு நல்ல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் நாளும் கடந்துபோயிற்று. பையன் பொய் சொன்னான் என்று ஊரார் பேசலாயினர். அவன் பொய் சொல்லவில்லை. பிழை என்னுடையது.

அவன் பெற்றது தொண்ணூற்று மூன்று மதிப்பெண் அன்று. தொண்ணூற்று மூன்று ‘பெர்சென்டைல்’. எழுதியவர்களை வரிசையாக நிறுத்தினால் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர் அவனுக்குக் கீழே நிற்பர் என்பதே அதன் பொருள். நூறு பேர் எழுதியிருந்தால் அவனுக்குமேல் அறுவர். ஆனால் 2023ஆம் ஆண்டில் எழுதியவர்கள் ஏறக்குறைய 2,88,000 பேர். அவனை முந்தியவர்களைக் கணக்கிட்டுப் பாருங்கள், இருபதினாயிரவர்க்கு மேலாகும்! பழைய கழகங்கள் பொதுப் பிரிவில் எதிர்நோக்குவதோ பெரும்பாலும் தொண்ணூற்றொன்பதையும் அதற்கு மேலுமாம். அன்றியும், பத்தாம் வகுப்பு முதலாகப் பெற்ற மதிப்பெண், வேலை அனுபவம், நேர்முக உரையாடல் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தே இடந்தருகின்றனர். இதனை யான் ஒருவரிடம் கேட்டறிந்திருக்கலாம். கேளாமலே முழங்கினேன்.

வெட்கத்தால் உந்தப்பட்டே அப்பரீட்சையின் வினாத்தாள்களை வாங்கிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க வியப்பே மிகுந்தது.

பரீட்சை மூன்று பகுதியுடையது: ஆங்கில வாசிப்பு, தரவும் தருக்கமும், கணிதம். பகுதிக்கு நாற்பது நிமிடமாக இரண்டு மணி நேரம். ஒரு பகுதியில் மிஞ்சிய பொழுதை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல இயலாது. சரியான விடைக்கு மூன்று. தெரிந்தெடுக்கும் விடையில் தவறினால் ஒன்று குறையும். தாமே தட்டெழுதும் விடையில் தவறினாற் குறைவில்லை. நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவன், நான்கு வினாவில் ஒன்று பலிக்க மூன்று பெறுவான். மற்ற மூன்றினால் மூன்று இழப்பான். பெற்றது சூனியம். ஆயினும் பொருந்தாத விடை ஒன்றையேனும் ஆராய்ந்து நீக்கியவனுக்கோ சிறிது இலாபம் உண்டு. வணிகக் குலத்துப் பிள்ளைகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இன்னுமொன்று. அண்மை ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணிற் பாதியும் பெறாதவர்கள் தொண்ணூற்றொன்பது பெர்சென்டைலை அடைந்திருக்கின்றனர். ‘ஒரு வினாவையும் விடாதே’ என்று இருபதாண்டுகளாக யான் வகுப்பிற் சொல்லி வந்திருக்கின்றேன். இங்கே அவ்வுபதேசம் நஞ்சாகின்றது. எதனை விடுவது என்றறிதலே இதற்குரிய கல்வியிற் பாதி. தருக்கப் பகுதியில் நான்கைந்து புதிர்த் தொகுதிகள் வரும். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் நோட்டமிட்டு, அவிழக்கூடிய இரண்டு மூன்றைத் தேர்ந்துகொள்பவன் பிழைப்பான். முதற்புதிரோடு மல்லுக்கு நிற்பவன் மாள்வான். நம் பையன் நின்றான். அவனே எனக்குச் சொன்னான்.

கணிதத்துக்கு அஞ்சற்க. பெரும்பாலும் பள்ளிக் கணிதமே: வட்டி, இலாப நட்டம், விகிதம், வேலையும் நாளும், வேகமும் தூரமும், இயற்கணிதம். முற்காலத்துக் கணக்கப்பிள்ளைகள் அரைக்கால் என்றவுடன் நூற்றுக்குப் பன்னிரண்டரை என்றும், வீசம் என்றவுடன் ஆறேகால் என்றும் மனத்திலேயே கண்டனர். கணினித் திரையிலே கணக்கிடும் பொறி ஒன்று தரப்படுகின்றது. ஆயினும் பின்னங்களை மனத்திற் பிடித்தவன் அதனைத் தேடுமுன்னரே விடை காண்பான். பிள்ளைகளை மாலையில் ஒரு மணி நேரம் கடையில் இருத்துங்கள்; கல்லாவை அவர்களிடம் விட்டுவிடுங்கள்!

நம் பிள்ளைகள் வழுக்கி விழுமிடம் ஆங்கில வாசிப்பே. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்நூறு சொற்கொண்ட நான்கு கட்டுரைகள் வரும். தத்துவம், மானிடவியல், பொருளாதாரம், சுற்றுச்சூழல் என எதுவாகவும் இருக்கலாம். அருஞ்சொல் தெரியாமையினால் தவறுகின்றனர் என்று முதலில் எண்ணினேன். அன்று. ஆசிரியன் கூறாததைத் தாமே கூட்டிக்கொண்டு விடை குறிக்கின்றனர். இது எங்கள் துறையினர் நன்கறிந்த நோய். உரையெழுதப் புகுந்தவன் தன் கருத்தை நூலின்மேல் ஏற்றலாகாது என்பது புலவர்கள் எங்களுக்குப் புகட்டிய முதற்பாடம். பரிமேலழகர் ஓரதிகாரத்துக் குறட்பாக்களை இன்னின்ன பொருள் கூறுவன என்று வகுத்துக் காட்டும் முறையை ஒருகாற் பயின்றவனுக்கு, சிதறிய வாக்கியங்களை முறைப்பட அடுக்குமாறு கேட்கும் வினா அத்துணைப் புதிதன்று. ஆதலின் நாடோறும் ஒரு நல்ல ஆங்கிலக் கட்டுரையைப் படித்து, மூடி வைத்து, ஆசிரியன் நிறுவக் கருதியது யாது என்று இரண்டு வரி எழுதுக. தமிழில் எழுதினாலும் குற்றமில்லை. மாதிரிப் பரீட்சைகளை எண்ணிக்கைக்காக எழுதுவதும் வீண். ஒன்றெழுத இரண்டு மணி என்றால், விடுத்ததும் பிழைத்ததும் ஏன் என்று ஆராய நான்கு மணி வேண்டும்.

பயிற்சி நிலையங்களைப் பற்றி ஒரு சொல். அவற்றாற் பயனில்லை என்று யான் சொல்லேன். நகையை அடகு வைத்துக் கட்டணஞ் செலுத்துவதைத்தான் வேண்டா என்கின்றேன்.

இனி யான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகின்றேன். அப்பையனுடைய தங்கை வருகின்ற நவம்பரில் இப்பரீட்சை எழுத விரும்புகின்றாள். ‘ஒருவனால் தலை குனிந்தது போதும்’ என்று அவள் தந்தையார் மறுக்கின்றார். அண்ணா, தாங்கள் இங்கேதான் அமர்ந்திருக்கின்றீர்கள். தங்கள் மகன் தாழ்ந்துவிடவில்லை. தாழ்ந்தது என் சொல். அதன் பயனைப் பெண்ணின் தலையில் ஏற்றாதீர்கள். எட்டு மாதமாக அவள் எழுதிய இரண்டு வரிச் சுருக்கங்களை வாரந்தோறும் யான் திருத்தி வருகின்றேன். தொடக்கத்திற் பத்துக்கு ஏழு பிழையாக இருந்தன. சென்ற வாரம் இரண்டு. திருச்சிராப்பள்ளியிலும் 2011ஆம் ஆண்டு முதல் ஒரு மேலாண்மைக் கழகம் நடைபெறுகின்றது. இடங்கிடைத்தால் நெடுந்தொலை அனுப்பவேண்டும் என்பதுமில்லை. பெங்களூரில் இடங்கிடைப்பினும் அனுப்புவீர்கள் என்றே நம்புகின்றேன்.

அவளுக்கு மாலையும் பதாகையும் வேண்டா. அவர்கள் வீடு கடைக்குப் பின்புறம்; மாலையில் சந்தடி மிகுதி. நம் சங்கத்து மாடியில் நூல்நிலைய அறை ஆறு மணிக்குமேல் பூட்டியே கிடக்கின்றது. அதனை எட்டரை வரை திறந்து வைத்து, இரண்டு ஆங்கிலப் பத்திரிகைகளும் ஒரு கணினியும் கொடுத்தாற் போதும். அவளோடு வேறு நால்வரும் வரக் காத்திருக்கின்றனர். அவள் அண்ணன் தருக்கப் புதிர்களைச் சொல்லிக்கொடுக்க இசைந்திருக்கின்றான். திறவுகோல் பொருளாளரிடம் உள்ளது. இன்றிரவே அவர் தந்துவிட்டால், நாளை மாலை யானே சென்று விளக்கேற்றுவேன்.