சிலுவையிலிருந்து இறங்காத அன்பு



இன்று தேவாலயக் கோபுரங்களின் உச்சியில் சிலுவை நிற்கிறது. பலர் அதைத் தங்கச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் அணிகிறார்கள். ஆனால் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சொல்லைக் கேட்டாலே மக்கள் நடுங்கினார்கள். சிலுவை ரோமப் பேரரசின் கொலைக்கருவி. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை அது. ரோமக் குடிமக்களுக்குப் பொதுவாக அது விதிக்கப்படுவதில்லை. அத்தனை இழிவான சாவு! கி.மு. 71இல் ஸ்பார்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது, பிடிபட்ட ஏறத்தாழ 6,000 பேர் கப்புவா நகரிலிருந்து ரோம் வரை சாலை நெடுகிலும் சிலுவைகளில் அறையப்பட்டார்கள்.

ரோம் நகரின் பாலட்டைன் குன்றில் ஒரு பழைய சுவர்க் கிறுக்கல் கண்டெடுக்கப்பட்டது. கழுதைத் தலையுள்ள ஓர் உருவம் சிலுவையில் தொங்குகிறது. கீழே ஒருவன் கையை உயர்த்தி அதை வணங்குகிறான். அலெக்ஸமெனோஸ் என்ற அந்த மனிதன் தன் கடவுளைத் தொழுகிறான் என்று பக்கத்தில் கேலியாக எழுதப்பட்டிருக்கிறது. சிலுவையில் செத்தவனைக் கடவுள் என்பதா என்று அன்றைய உலகம் சிரித்தது.

சிரிப்புக்கு உரிய அந்தச் சின்னம் அன்பின் சின்னமாக ஆனது எப்படி?

கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் இயேசுவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கியவர் அவர். பிறர் ஒதுக்கி வைத்தவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டவர். அவரை எருசலேமுக்கு வெளியே கொல்கொதா என்னும் இடத்தில், இரண்டு குற்றவாளிகளுக்கு நடுவே சிலுவையில் அறைந்தார்கள். அங்கே நின்றவர்கள் ஏளனம் செய்தார்கள். மற்றவர்களைக் காப்பாற்றியவருக்குத் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லையா? கடவுளின் மகன் என்றால் இறங்கி வரட்டுமே! இதுதான் அவர்களின் கேள்வி.

அவர் இறங்கவில்லை. இறங்க முடியாததால் அல்ல, இறங்க மனமில்லாததால் என்கிறது கிறிஸ்துவ நம்பிக்கை. தம்மைக் கொல்பவர்களுக்காகவே அவர் மன்னிப்பு வேண்டியதை லூக்கா நற்செய்தி கூறுகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கடவுள் எல்லாம் வல்லவர். மன்னித்துவிட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதாதா? இரத்தமும் மரணமும் எதற்கு?

ஒருவர் தம் நண்பருக்குப் பத்தாயிரம் வெள்ளி கடன் கொடுத்தார். நண்பரால் திருப்பித் தர இயலவில்லை. கொடுத்தவர் மனமிரங்கிக் கடன் பத்திரத்தைக் கிழித்துப் போடுகிறார். கடன் தீர்ந்தது. ஆனால் அந்தப் பத்தாயிரம் வெள்ளி எங்கே போனது? காற்றில் மறைந்துவிடவில்லை. மன்னித்தவரே அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டார். பணத்துக்கே இப்படி என்றால் துரோகத்துக்கும் அவமானத்துக்கும் எப்படி இருக்கும்? பழிவாங்கினால் வலி எதிரிக்குப் போகும். மன்னித்தால் அந்த வலியை மன்னிப்பவர்தாம் சுமக்க வேண்டும். விலையில்லாத மன்னிப்பு உலகத்தில் இல்லை.

மனிதரின் பாவத்தை மன்னிக்கக் கடவுள் தாமே கொடுத்த விலைதான் சிலுவை. கோபம் கொண்ட தந்தை ஒருவர், குற்றமற்ற வேறொருவரைப் பிடித்துத் தண்டித்தார் என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. தந்தையும் மகனும் ஒன்றே என்பது கிறிஸ்துவர்களின் விசுவாசம். அப்படியானால் சிலுவையில் காயப்பட்டது கடவுளின் சொந்த இதயம். தண்டனை வழங்கும் நாற்காலியில் அமர்ந்திருந்தவரே எழுந்து வந்து, குற்றவாளியின் இடத்தில் நின்றார். தெய்வீக அன்பு என்பதற்கு இதுவே பொருள்.

இந்த அன்பு ஏட்டோடு நின்றுவிடும் ஒன்றா? சிங்கப்பூரின் வரலாறே பதில் சொல்கிறது.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்தவர் லியோனார்ட் வில்சன். 1943 செப்டம்பரில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் தகர்க்கப்பட்டன. சாங்கி சிறையில் இருந்தவர்களே அதற்கு உளவு சொன்னார்கள் என்று கெம்பெய்தாய் என்னும் ஜப்பானிய ராணுவக் காவல்படை சந்தேகித்தது. அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய வேட்டையில் 57 பேர் விசாரணைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் 15 பேர் உயிரிழந்தார்கள். ஒரு குற்றமும் செய்யாத வில்சனும் கடுமையாகச் சித்திரவதை செய்யப்பட்டார்.

அடித்தவர்கள் அவரிடம் கேட்ட கேள்வி, கொல்கொதாவில் கேட்ட அதே கேள்வி. உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை? வலியை நீக்கி அல்ல, வலியைத் தாங்கும் பலம் தந்து கடவுள் காப்பாற்றுகிறார் என்று அவர் பதில் சொன்னார். அவர்களை மன்னிக்க அவர் இறைவனிடம் மன்றாடினார். ஆனாலும் அந்த முகங்களின் கொடுமையைக் காணும்போது அது எளிதாக இல்லை. அப்போது, அவர்களும் ஒரு காலத்தில் விளையாடித் திரிந்த சிறு குழந்தைகள்தாமே என்று எண்ணிப் பார்த்தார். குழந்தைகளை வெறுக்க யாரால் முடியும்? 1946இல் பிபிசி வானொலி வழியே அவர் இதை உலகுக்குச் சொன்னார்.

மன்னிப்பு என்றால் குற்றத்தை மூடி மறைப்பது என்று பொருளல்ல. அதே 1946இல் அந்தச் சித்திரவதைகளுக்காகக் கெம்பெய்தாய் ஆட்கள் சிங்கப்பூரில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சட்டம் தன் கடமையைச் செய்தது. ஆனால் சட்டத்தால் செய்ய முடியாத ஒன்றும் நடந்தது. வில்சனைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவர் போருக்குப் பின் கிறிஸ்துவர் ஆனார். விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கில் பேராயர் தம் கையை அந்த மனிதரின் தலைமேல் வைத்து ஆசீர்வதித்தார். அடி வாங்கியவரின் கை, அடித்தவரின் தலையில்!

அன்று அந்த அறையில் அடியை நிறுத்தக் கடவுள் இறங்கி வரவில்லை. ஆனால் அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே பீடத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தியது சிலுவையின் அன்பு.

பகையோடு பேச்சு நின்றுபோன குடும்பங்கள் எத்தனையோ. சொத்துக்காகப் பிரிந்த அண்ணன் தம்பி, ஒரு சொல்லுக்காக வாசற்படி மிதிக்காத உறவுகள். அங்கெல்லாம் இரு தரப்பும் ஒன்றையே எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன: மற்றவர் முதலில் வரட்டும். சிலுவையில் கடவுள் காத்திருக்கவில்லை. குற்றம் செய்யாதவர் முதலில் வந்தார், வந்து விலையையும் கொடுத்தார். கிறிஸ்துவர்கள் புனித வெள்ளியன்று சிலுவையின் முன் மண்டியிடும்போது நினைத்துப் பார்ப்பது அந்த அன்பைத்தான்.