மலைச்சாலையில் மிதிவண்டி



விடுமுறை வந்ததும் மிதிவண்டியில் மலைப்பயணம் போகவேண்டும் என்னும் விருப்பம் இளைஞரிடையே பெருகி வருகிறது. நல்ல விருப்பந்தான். உடலுக்கு உறுதி தரும், உள்ளத்துக்குத் துணிவு தரும், செலவும் குறைவு. ஆயினும் நம் மலைகள் பல, காட்டுயிர்கள் வாழும் வீடுகளாகவும் இருக்கின்றன. பிறர் வீட்டுக்குள் செல்பவர், எந்த வாயிலால் நுழைவது, எந்த வேளையில் நுழைவது, எந்த அறையின் முன் நின்றுவிடுவது என்பதை அறிந்திருக்க வேண்டும் அன்றோ? நீலகிரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சற்று விளக்க எண்ணுகிறேன்.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் கூடுமிடத்தில், 5,520 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடப்பது நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம். நம் நாட்டில் முதன்முதலாக அமைந்த உயிர்க்கோளக் காப்பகம் இதுவே. அமைந்த ஆண்டு 1986. முதுமலை, பந்திப்பூர், வயநாடு, முக்குருத்தி, அமைதிப் பள்ளத்தாக்கு முதலிய காடுகள் இதனுள் அடங்கும். காப்பகம் என்றவுடன், மனிதரே இல்லாத காடு என்று கருதிவிடக்கூடாது. நடுக்காடு கண்டிப்பாகக் காக்கப்படும். அதைச் சூழ்ந்த பகுதிகளில் ஊர்களும் தோட்டங்களும் சாலைகளும் இருக்கும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் எனப் பல மக்கள் நெடுங்காலமாக வாழும் மலை இது. மிதிவண்டிப் பயணத்திற்கு ஏற்றது இந்த வெளிவட்டமே. இதனை முதற்பாடமாகக் கொள்ளுங்கள்.

இனி வழியைப் பார்ப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு இரண்டு சாலைகள் ஏறுகின்றன. ஒன்று கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வழியாகச் செல்வது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை உடையது. பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் நெருக்கமாக ஓடுவது. மற்றொன்று கோத்தகிரி வழியாகச் செல்வது. 1819ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் ஆட்சியாளர் ஜான் சல்லிவன் மலைமேல் வந்து தங்கியது இக்கோத்தகிரிப் பக்கத்திலேதான். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு இன்று நினைவகமாக விளங்குகிறது. மிதிவண்டியில் ஏறுவோர்க்குக் கோத்தகிரிச் சாலையையே நான் பரிந்துரைப்பேன்.

நான் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன். ஆகவே ஒரு சிறு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 320 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். இடைத்தொலைவு சுமார் 33 கிலோமீட்டர். நூறு மீட்டர் முன்னே சென்றால் நாலரை மீட்டர் மேலே செல்கிறோம் என்று ஆகிறது. மலை இரயில் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்னும் சரிவில், பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. நம் சாலையின் சராசரிச் சரிவு அதில் பாதிக்குச் சற்று மிகுதி, அவ்வளவே.

அறுபது கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர், பதினைந்து கிலோ எடையுள்ள வண்டியோடும் பையோடும் இந்த 1,480 மீட்டரை ஏறுவதாகக் கொள்வோம். அதற்காகும் வேலை, 100 வாட் மின்விளக்கு ஒன்று மூன்று மணி நேரம் எரிவதற்கு வேண்டிய ஆற்றலுக்குச் சமம். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் நம் தசைகள், உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. எனவே இந்த ஏற்றத்துக்கு மட்டும் சுமார் ஆயிரம் கிலோகலோரி வேண்டும். வெறும் வயிற்றோடு மலையேறத் தொடங்குபவன் வீரனல்லன், கணக்கு அறியாதவன்.

வண்டியும் கணக்குக்கு உட்பட்டதே. நம் ஊர்களில் வழங்கும் பழைய மாதிரி வண்டியில் முன் பற்சக்கரத்துக்கு 44 பற்களும் பின் பற்சக்கரத்துக்கு 18 பற்களும் இருந்தால், மிதி ஒருமுறை சுற்றும்போது வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் ஓடும். சமவெளிக்கு அது பொருந்தும். மலையில் முழங்காலை முறித்துவிடும். முன்னே 30, பின்னே 34 பற்கள் உள்ள வண்டியில் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே நகர்வோம். மெதுவாகத்தான் செல்வோம், ஆனால் மூச்சு இரைக்காமல் செல்வோம்.

மெதுவாகச் செல்வதில்தான் இப்பயணத்தின் கல்வியே இருக்கிறது. மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் ஏறுபவருக்கு மலை தன் படிகளை ஒவ்வொன்றாகக் காட்டும். அடிவாரத்தில் கோடையில் இலையுதிர்க்கும் காடு. அதற்குமேல் பசுமை கூடிய சரிவுகள். பிறகு தேயிலைத் தோட்டங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறு முதல் ஏழு பாகை வரை குறையும் என்று புவியியல் நூலில் படிக்கிறோம். மேட்டுப்பாளையத்தில் வியர்வையோடு புறப்பட்டுக் கோத்தகிரியில் கம்பளிச் சட்டையைத் தேடும்போது அப்பாடம் உடம்பில் எழுதப்பட்டுவிடுகிறது.

கோத்தகிரியை அடுத்து லாங்வுட் சோலை என்னும் சிறிய காடு இருக்கிறது. பரப்பு 116 ஹெக்டேர்தான். எனினும் 2024ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. மழைநீரைத் தன் மண்ணில் தேக்கி, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடுவது சோலையின் இயல்பு. அருகிலுள்ள ஊர்கள் தண்ணீர் பெறுவது அதனாலேதான். வனத்துறையின் இசைவு பெற்று அதனைக் காணுங்கள்.

அடுத்த நாள் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையை அடையலாம். மூன்றாம் நாள் மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் சென்று, 1932 முதல் மின்சாரம் தந்துவரும் பைக்காரா ஆற்றைக் கண்டு, மாலைக்குள் உதகைக்குத் திரும்பலாம். கோடை விடுமுறையின் நெரிசலையும் வடகிழக்குப் பருவமழையையும் தவிர்த்துவிடுங்கள். 2009ஆம் ஆண்டு நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் நேர்ந்த மண்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. குளிர் மிகுந்த சனவரி, பிப்ரவரி மாதங்களே தக்கவை.

இறக்கத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஏறும்போது சேர்த்த ஆற்றலில் ஒரு பகுதியை இறங்கும்போது பிரேக்குகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் சக்கர விளிம்பு சுட்டு, டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்னே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் குறைக்க முயலாதீர்கள். இடையிடையே நின்று சக்கரத்தை ஆறவிடுங்கள். உதகையிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கும் சாலையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விபத்துகளுக்குப் பேர்பெற்ற அச்சாலையைப் பழக்கமில்லாதவர் விட்டுவிடுவதே நன்று.

இப்போது முதன்மையான செய்திக்கு வருகிறேன். உதகைக்கு வடக்கே, மலைக்குக் கீழே, முதுமலை இருக்கிறது. 1940ஆம் ஆண்டில் சரணாலயமாக அமைந்து, 2007ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமான காடு அது. அதனூடே சாலை செல்கிறது. "காரும் பேருந்தும் போகும் சாலையில் புகையே கக்காத மிதிவண்டி போவதில் என்ன தவறு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடையும் நியாயமாகவே இருக்கவேண்டும்.

மிதிவண்டியின் பெருமை அதன் ஓசையின்மை. யானைக் காட்டில் அதுவே இடர். யானைக்குப் பார்வையைவிட மோப்பமும் செவியும் கூர்மையானவை. ஓசையின்றி வளைவைத் திரும்பி அதன் எதிரே திடீரெனத் தோன்றும் மனிதன், யானைக்கு அச்சத்தையே தருவான். அஞ்சிய யானை மணிக்கு இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வரவல்லது. மேட்டில் நம் வேகம் எட்டு என்று முன்பே கணக்கிட்டோம். அதன்பின் நேர்வதை எண்ணிப் பாருங்கள். மனிதருக்கு ஊறு நேர்ந்தால், அந்த யானையைப் பிடித்து அகற்றவேண்டும் என்று குரல் எழும். நம் துணிச்சலுக்குத் தண்டனை அனுபவிப்பது, தன் வீட்டிலே நின்ற விலங்காக இருக்கும். இது அறமாகுமா?

காட்டின் நேரத்துக்கு மனிதர் பணிந்து நடந்த சான்றுகள் உண்டு. பந்திப்பூர்ச் சாலையில் 2009ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. முதுமலையை அடுத்த சீகூர்ப் பகுதி யானை வழித்தடத்தை 2020ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாற்றிலும் யானைகள் சாலையைக் கடக்கின்றன. ஆகவே மலையடிவாரத்தில் நன்றாக விடிந்த பிறகு புறப்படுங்கள். பொழுது சாயுமுன் ஊர் சேருங்கள். முதுமலையைக் காண விரும்பினால், வண்டியை உதகையில் நிறுத்திவிட்டுக் கூடலூர் வழியாகப் பேருந்தில் தெப்பக்காட்டுக்குச் செல்லுங்கள். வனத்துறையினர் சொல்லும் விதியை முடிவாகக் கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டங்களிலும் காட்டெருமை நிற்கும்; கரடியும் வரும். கண்டால் நெருங்காமல் நின்று, அது போகும்வரை காத்திருங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கினால் அவை சாலைக்கு வந்து சக்கரத்தில் சிக்கி மடியும். தண்ணீரை உலோகக் குப்பியில் கொண்டுபோய், கொண்டுபோனவை அனைத்தையும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

உச்சியை எட்டியவனைப் பாராட்டுவது உலக வழக்கம். காட்டின் வாயில்வரை சென்று, உள்ளே போக வலிமை இருந்தும் திரும்பி வருபவனை யாரும் பாராட்டுவதில்லை. உங்கள் பயணக் குறிப்பேட்டில், ஏறிய மலையின் உயரத்தை எழுதும்போது, திரும்பிய இடத்தின் பெயரையும் எழுதி வையுங்கள்.